பின்சக்கரம்

திருச்சி ஷோரூமிலிருந்து இரண்டு வண்டிகளும் வந்திருந்தன.
ஒரே நீலம், ஒரே மூக்கு,
ஒரே இருநூற்று ஐம்பது குதிரை.
ஒன்றில் நாலு சக்கரமும் உழைக்கும்.
மற்றதில் பின்னிரண்டு மட்டும்.
"மூன்றரை லட்சம் வித்தியாசம் மேடம்,
ஆனா மழையில தெரியும்" என்றான் ஜெரால்டு
கும்பகோணத்து மாசி வெயிலில்
டையைத் தளர்த்திக்கொண்டே.

நான் மயக்க மருந்து கொடுப்பவள்.
பாபநாசத்தில் ஒரு தியேட்டர், வலங்கைமானில் ஒன்று,
நாச்சியார்கோவிலில் ஞாயிறு மட்டும்.
ராத்திரி இரண்டேகாலுக்கு போன் அடிக்கும்.
நான் போய்ச் சேரும்வரை
யாரும் யாரையும் அறுக்க முடியாது.
அதனால்தான் வேகமான வண்டி என்று
சொல்லிக்கொள்ளலாம்.
பொய். ஆடம்பரம்தான்.
பதினேழு வருஷம் வெள்ளை ஆல்டோவில் போய்வந்தவளுக்கு
ஒரே ஒரு பாவம் பாக்கியிருந்தது.

முதலில் நாலு சக்கரம்.
அரசலாற்றுப் பாலம் தாண்டி
டிராக்டரின் கேஜ் வீல்
வயலிலிருந்து தாருக்கு இழுத்துவந்து
அப்பிவிட்டுப் போன களி,
காலையில் யாரோ தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தோடு.
வேண்டுமென்றே அதன்மேல் மிதித்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஸ்டியரிங்கில் ஒரு துடிப்பில்லை,
சீட்டில் ஒரு நடுக்கமில்லை.
"பாத்தீங்களா" என்றான் ஜெரால்டு.

பார்த்தேன். இந்த அமைதி எனக்குத் தெரிந்தது.
முதுகில் ஊசி இறங்கிப் பத்து நிமிஷத்தில்
"கட்டைவிரலை அசைங்கம்மா" என்பேன்.
"அசைக்கிறேன் டாக்டர்" என்பார்கள்.
விரல் அங்கேயே இருக்கும்.

அப்புறம் மற்றது.
சாக்கோட்டை வளைவிலேயே புரிந்துவிட்டது:
கை திருப்புகிறது, இடுப்பெலும்பு கேட்கிறது.
முன்சக்கரம் என் சொல்,
பின்சக்கரம் அதற்கு வண்டியின் பதில்.
இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்,
ரொம்ப நாளைக்குப் பிறகு
என் உடம்புக்குள்.

வலங்கைமானுக்கு முன்னால்
பாதித் தாரை நெல் பிடித்திருந்தது.
ஓரத்தில் கருங்கல் வரிசை, ஒரு முள்கிளை.
எதிரே மன்னார்குடி பஸ்.
ஒதுங்க இடம் நெல்லின் மேல்தான்.
காய்ந்த நெல்லுக்குச் சேறு எவ்வளவோ தேவலை;
ஒவ்வொரு மணியும் ஒரு குண்டு.
வால் விலகியது.
ஒரு முழம்.
ஒன்றரை.
ஜெரால்டு வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டான்.
என் கை தானாக எதிர்ப்பக்கம் போயிற்று,
கால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது,
வால் திரும்பிவந்து
முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தது.
நாடி பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு.
என்னுடையது.

காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தவள் வந்தாள்.
திட்டட்டும் என்று இறங்கி நின்றேன்.
"லாரி ஏறினாத்தான் நொய்யாவும்.
ஒன் வண்டி என்னா கனம்" என்றாள்.
குத்துக்காலிட்டு டயர்ச் சந்தில் நகத்தை விட்டு
சிக்கியதை நோண்டி நோண்டி மடியில் போட்டாள்.
முன்னிரண்டு, பின்னிரண்டு,
எதையும் விடவில்லை.
"கொஞ்சம் முன்னாடி உருட்டு" என்றாள் என்னைப் பார்த்து.
அரைச் சுற்று உருட்டினேன்.
மிச்சத்தையும் எடுத்தாள்.

சாயங்காலம் கலியமூர்த்தி கேட்டார்,
தையல் நூலை இழுத்தபடி:
"ஐப்பசியில ராத்திரி கூப்பிட்டா?"
"மெதுவா வருவேன் சார்."
"உள்ளே இருக்கிற பிள்ளை காத்திருக்குமா?"
மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
செங்கமலம் சிஸ்டர் பஞ்சை எண்ணிக்கொண்டிருந்தாள்,
பதினொன்று, பன்னிரண்டு.
யாரும் பேசவில்லை.

பின்சக்கரத்துக்கே கையெழுத்துப் போட்டேன்.
மிச்சப் பணத்தில் முதல் செலவு
மழைக்கென்று நாலு டயர்.

ஆல்டோவை விற்கவில்லை.
அது முன்சக்கர வண்டி.